முன்னுக்குப் போங்கோ

கிணத்தடிப் பாசியில வழுக்கி விழுந்ததை
அவருக்கு ஒன்பது தரம் சொல்லியிருப்பன்.
ஒவ்வொரு தரமும் புதிசாய் விழுந்தார்.
பத்தாம் தரம் சொல்லேல்லை.

"ஆர் என்ர இடுப்பில ஆணி அடிச்சது?"
பெரியாஸ்பத்திரியில எண்டன்.
"அங்க நான் போகேல்லையே."
சரி, போகேல்லை.

ராவிலதான் பயம்.
மூண்டு மணிக்கு, முதல் பஸ்ஸுக்கு எழும்புவார்.
எலும்பு உடைஞ்சது காலுக்கு மட்டும்தான் தெரியும்.
கட்டில் கால்களை அரிஞ்சு பதிச்சாச்சு,
சாரத்தைக் கணுக்காலுக்கு மேல மடிச்சுத் தைச்சன்,
சேட்டு நுனியில ஆட்டு மணி ஒண்டு.

பிசியோவுக்கு வாற அபிவர்ணா
"ஐயா, வலக்காலை வையுங்கோ" எண்டு கெஞ்சுது.
இவர் வோக்கரைப் பிடிச்சபடி
சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.
வாய் தவறித்தான் சொன்னன்:
"முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ,
நடுவில இடம் கிடக்கு!"

போனார்.

கோண்டாவில் டிப்போ பஸ்ஸில
முப்பத்தொரு வருசம் கத்தின வாய்
கட்டின பெண்சாதியைத் திரும்பிப் பாத்துக் கேக்குது:
"தங்கச்சி, எங்க இறக்கம்?"
நெல்லியடி.
"சில்லறையாத் தாங்கோ."

கட்டிலில இருந்து குசினி வாசல் பன்னிரண்டு அடி.
இண்டைக்கு எட்டு.
மிச்சக் காசு இன்னும் தரேல்லை.