இருநூறு அடி

ஏலப்பாறைக்கு மேலே, பூட்டிக் கிடந்த தேயிலை ஆலையின்
இரண்டாம் மாடியில்
கொழுந்து வாட்டிய நீளத் தட்டுகளில் இப்போது
விமானம் கிடக்கிறது.
பதினொரு லாரிச் சுமை. பட்டாளத்துச் சரக்கு,
கிலோக் கணக்கில் ஏலத்தில் எடுத்தது.

பிரிக்க வேண்டும். மூன்று குவியல்.
பறக்கக் கூடியது,
பார்க்கக் கூடியது,
உருக்கக் கூடியது.
வர்க்கிச்சன் முதலாளி சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.
மிச்சத்தை விரல் படித்துக்கொண்டது.

டிசம்பர் காலையில் அலுமினியத்தைத் தொட்டால்
அது நம்மைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்காது.
கையுறை போட்டால் மரையின் பல் தெரியவில்லை,
போடாவிட்டால் விரலே தெரியவில்லை.
மண்ணெண்ணெய்ச் சட்டியில் முக்கி, சாக்கில் துடைத்து,
உள்ளங்கையைக் குவித்து ஊதிக்கொள்கிறாள் செல்லக்கிளி.
பீடி இல்லாமலே புகை.

பச்சை முள் போட்டதையெல்லாம் தனியே வை,
ரேடியம், கையை வாயில் வைக்காதே என்றார்.
இருட்டில் மினுங்குமாமே என்று
நாங்கள் இருவரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம்.
மினுங்கவில்லை.
வெளிச்சம் செத்து நாளாச்சு,
விஷம்தான் இன்னும் சாகலை என்றான் இஸ்ரவேல்.
அன்றிலிருந்து சோற்றுக்கு முன் இரண்டு தடவை சோப்பு.

இறக்கை மூடி ஒன்றைத் திருப்பினேன்.
உள்பக்கம், பென்சிலில், தமிழில்:
‘மரியநாயகத்துக்குப் பதினாலு ஸ்குரு கடன்.’
எந்த ஊர் ஓடுதளமோ,
எந்தச் சண்டைக்கு முந்தின ராத்திரியோ.
மூடியில் ஓட்டை பதினாலு. எண்ணினேன்.
பதிமூன்றில் ஸ்குரு துருவோடு ஒட்டியிருந்தது.
மூன்று குவியலிலும் அதற்கு இடமில்லை.
கண்ணாடி போன சன்னல் சட்டத்துக்கு
அளவெடுத்தது போல இருந்தது, மாட்டிவிட்டேன்.
காற்று கொஞ்சம் அடங்கியது.

பிறகு ஒரு வட்டப் பெட்டி.
கறுப்பு முகம், மூன்று முள். கம்பி இல்லை, கரண்ட் இல்லை.
முள் நின்ற இடம் மூவாயிரத்து இருநூறு.
சிக்கிக்கொண்டது என்று உருக்குகிற பக்கம் வீசப் போனேன்.
அக்கா, அது சரியாத்தான் காட்டுது, என்றான் இஸ்ரவேல்.
அது நம்ம உயரம்.
கடலுக்கு மேலே இந்த மேசை அவ்வளவு அடியில இருக்கு.

நாற்பத்தாறு வருஷமாக இதே மலை.
வண்டிப்பெரியாற்றுக்கு இறங்கி
அரிசி மூட்டையோடு ஏறிய கால்கள்
வேறொரு கணக்கு வைத்திருந்தன.
பல்குச்சி அளவு முள் ஒன்று
கேட்காமலே குறைத்துச் சொல்கிறது.

பறக்கக் கூடியது என்று சீட்டு எழுதி
மேசையிலேயே வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கடலில் புயல் என்றது ரேடியோ.
மலைக்குள் மூடுபனி, ஆலைக்குள்ளும் மூடுபனி.
விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன்,
முள் மூவாயிரத்து நானூறு.
யாரும் தொடவில்லை.
காற்று இளைச்சா அப்படித்தான் காட்டும் என்று
கீழ்த்தளத்திலிருந்து கத்தினான் இஸ்ரவேல்.
இருக்கட்டும்.
ராத்திரியோடு ராத்திரியாக
மூன்று குவியல், மண்ணெண்ணெய்ச் சட்டி,
எட்டு மாதக் கூலி பாக்கி வைத்துப் போன
பழைய கம்பெனியின் பெயர்ப்பலகை
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு
இந்தக் கட்டடம் இருநூறு அடி ஏறியிருக்கிறது.

செல்லக்கிளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
முள்ளைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள்.
பதிமூன்று ஸ்குரு மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
‘அதான் இந்தக் குளிர்’ என்றாள்.
அடுத்த தட்டை இழுத்தோம்.