மேல்பவானி, மூன்றாம் இரவு

மணலில் பிழைக்கப்
பொக்ரானில் பழக்கினார்கள்.
நாக்கடியில் கூழாங்கல்,
பகலில் உறக்கம், இரவில் நடை.

இங்கே பனியனுக்குள் வரை தண்ணீர்.
மஞ்சு இறங்கி
முன்னால் போன லான்ஸ் நாயக் தேவசகாயத்தின் முதுகைத்
துடைத்துவிட்டது.
வயர்லெஸ்ஸில் இரைச்சல்,
பிறகு அதுவுமில்லை.

தீக்குச்சி ஒன்பதும் நமுத்துப்போக
எருமைகளின் பின்னால் போகிறேன்,
கொம்புக்கு எட்டாத தூரத்தில்.
விடியுமுன் அவை எழுந்து நகரும்.
படுத்த இடத்தில்
புல் நசுங்கி ஆவி பறக்கும்.
ஓடிப்போய்ச் சுருண்டுகொள்வேன்.
கால் மணி நேரச் சூடு.

இன்று
ஒற்றைக்கொம்புக் கிழட்டெருமை மட்டும்
எழுந்திருக்கவில்லை.
என்னையே பார்த்தது.

துப்பாக்கியை ஈரப்புல்லில் கிடத்திவிட்டு
இன்னும் இரண்டடி
தவழ்ந்தேன்.