படுக்கையில் ஒரு பானை

விடிகாலை ஆறரை.
இரவுப் பணி முடிந்து
ரிப்னிக்கின் பனியில் கால் புதையப் புதைய
வீடு வந்தால்
என் போர்வைக்குள் வேறு யாரோ.

தொட்டேன். சுட்டது.

"பிரிக்காதே அலோய்ஸ், இன்னும் வேகணும்"
அடுக்களையிலிருந்து ஒத்திலியா.

ஒரே ஒரு கொதிதான்.
உடனே அடுப்பை அணைத்து
பானையைச் செய்தித்தாளில் சுற்றி
வாத்திறகுப் போர்வைக்குள் கிடத்திவிடுவாள்.
மிச்சத்தை
அந்தச் சூடே பார்த்துக்கொள்ளுமாம்.

எழுநூறு மீட்டர் ஆழத்தில் நான் வெட்டிய கரி
எத்தனை வேகன் நிறைந்ததோ,
எண்ணியதில்லை.
அவளோ
மிச்சமான இருபது நிமிட நெருப்பை
நாட்காட்டியில் கோடாக இழுத்து வைக்கிறாள்.

சிரித்திருக்கிறேன்:
"மலையை நான் எரிக்கிறேன்,
நீ தீக்குச்சியை மிச்சம் பிடி."
பதில் சொன்னதில்லை.
சலவைக்கு வந்த என் சட்டையை
ஜன்னலுக்கு வெளியே உதறுவாள்.
பனிமேல் கருப்பாய் விழும்.

இன்று தூக்கம் கண்ணைக் கட்டுகிறது.
பானை அசையாமல்
ஓரமாய் ஒடுங்கிப் படுக்கிறேன்.
முதுகில் இளஞ்சூடு.
காஷா தானியம் வேகும் மணம்.
எங்கோ உள்ளே மெல்ல ஒரு குமிழி உடைகிறது,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஒத்திலியா,
இன்றைக்குக் கோடு போட்டாச்சா?"