நாற்பத்தொன்றாவது நொடி

கட்டபெட்டு. பேக்கரிக்கு மேல் அறை.
கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும்
ஒரு மலை கட்டுகிறேன்.

பாறை யாரோ செய்து போட்டது.
மரப்பாலம் வேறு யாரோ;
கயிறு ஒன்று விட்டுப்போயிருக்கிறது,
ஆனாலும் எவரும் விழுவதில்லை.
ஊசியிலை மரம் ஆயிரம் கிடைத்தது.
சோலைமரம் ஒன்றுகூட இல்லை.

மழை இலவசம்.
பெயரைச் சொன்னால் போதுமாம்.
பெயர்: தவளை77.

அந்த மழையின் நாற்பத்தொன்றாவது நொடியில்
ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிறாள்.
என்ன மொழியோ,
கொடியில் துணி கிடக்கிறது என்கிறாள் போல.
வெட்டிவிடு என்றான் பெள்ளிராஜ்.
வெட்டினேன்.
மழை மொட்டையாய்ப் பெய்தது.
திரும்ப ஒட்டினேன்.

நேற்றிரவு ஆட வந்த ஒருவர்
சண்டையை விட்டுவிட்டு,
வாளை உறையில் போட்டுக்கொண்டு,
பாலத்துக்கு அந்தப்பக்கம்
அவள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.
வீடு இல்லை.
நான் வைக்கவில்லை.

காலையில் லாங்வுட் சோலைக்குப் போய்
ஒரு காட்டுநாவலைச் சுற்றிச் சுற்றி
இருநூற்றுப் பத்து படம் எடுத்தேன்.
காலில் இரண்டு அட்டை.
மரமாக்கி ஏற்றிவிட்டேன், எவரும் எடுத்துக்கொள்ளலாம்.
என் பெயர் வேண்டாம்,
நாவல் என்று மட்டும் போடுங்கள்.

கீழ்க்கிளை ஒன்று முறிந்திருக்கும்.
அதைச் சரிசெய்யவில்லை.