இரண்டாவது வாக்கியம்

ஃபிர்மின் டெலாரெ நாற்பது வருடம்
சைக்கிள் பந்தயங்களின் பின்னால் போனவர்
என்று எழுதியிருக்கிறார்கள்.
சரிதான்.
அவர் பின்னால் போனது நான்,
கென்ட் நகரில், பத்திரிகையின் மூன்றாம் மாடியில்
உட்கார்ந்த இடத்தில்.

தொலைபேசியில் சொல்லுவார், தட்டச்சு செய்வேன்.
கருங்கல் சாலை, எதிர்க்காற்று, வெடித்த டியூப்
எல்லாம் என் இடது காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தன.
முற்றுப்புள்ளி என்று அவர் சொன்னதே இல்லை.
பீர்க் குவளையை மேசையில் வைப்பார், புரிந்துகொள்வேன்.
கால்புள்ளிக்கு இருமல்.

அறுபத்தொன்று ஏப்ரல், மழை.
ரூஸலாரெயில் முடிந்த பந்தயம்.
ரொட்டி வண்டிக்காரர் மகன் ஒடிலோன் மாஸ்
தனியாக வந்தான்,
எல்லைக்கோட்டுக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போதே
இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான்.
இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

"ஒடிலோன் மாஸ் கைகளை விரித்தான்,
அணைத்துக்கொள்ள அங்கே இன்னும் யாரும் வந்திருக்கவில்லை."
குவளை வைக்கும் சத்தம்.
"சாலையில் போன வருடத்துக் கோடு..."
அங்கேயே நாணயம் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்.
பக்கம் ஈயமாகியிருந்தது.
படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
"அப்படியே நல்லாத்தான் இருக்கு, விடு."

அந்த வாக்கியம் மதுக்கடைச் சுவரேறியது.
பள்ளிப் பிள்ளைகள் மாஸைக் கண்டால் கை விரித்தார்கள்.
பிறகு அதுவே புத்தகமாயிற்று,
பதினான்கு பதிப்பு, ஆறு மொழி,
ஓஸ்டெண்டில் கடல் பார்த்த வீடு.
ஒவ்வொரு பதிப்பையும் பென்சிலோடு படித்தேன்.
போன வருடத்துக் கோடு எதிலும் இல்லை.

கோர்ட்ரெய்க் புத்தகச் சந்தையில்
பணப்பெட்டிக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள்.
வரிசையில் ஒரு வழுக்கைத்தலை,
சட்டைக் கையில் மாவு.
"பெயர்?" என்றார் ஃபிர்மின், நிமிராமல்.
அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார் இவர்,
மூடும்போதுதான் பார்த்தார்.

"கோடு இரண்டு இருந்தது."
"தெரியும்."
அவ்வளவுதான் பேசினார்கள்.
இருவரும் ஒருவரையொருவர்
கைகுலுக்கிக்கொள்ளவும் செய்தார்கள் என்பதை
நான் மறைக்கக் கூடாது.
மாஸ் என்னிடம் வந்து முழு விலையும் கொடுத்தார்.
தள்ளுபடி உண்டு என்றேன்.
வேண்டாம் என்றார்.

நேற்று பத்திரிகையிலிருந்து ஒரு பையன்,
"அவரைப் பற்றி நூறு வார்த்தை சொல்லுங்கள்,
நீங்கள் சொல்லச் சொல்ல அடிக்கிறேன்" என்றான்.
என் குரலைத் தட்ட ஒருத்தன்!
சிரிப்பு வந்தது.

சொன்னேன்:
"சாலையில் போன வருடத்துக் கோடு
யாரும் அழிக்காமல் கிடந்தது."

விசைகளின் சத்தம் ஓய்ந்தது.
"அவ்வளவுதானா?" என்றான்.

இருமினேன்.