வலது கால்

காரை மெக்கானிக்கிடம் விட்டாயிற்று.
கிளட்ச் தேய்ந்துவிட்டதாம்.
இந்த வருஷம் மட்டும் தொண்ணூறு பேர் மிதித்த மிதிக்குக்
கருங்கல்லே தேய்ந்திருக்கும்.

சனிக்கிழமை. பாடம் கிடையாது.
கோயிம்ப்ராவிலிருந்து ஃபிகெய்ராவுக்கு
போகவர டிக்கெட்
ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை.
இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ரயில் அசைந்ததும்
என் வலது கால்
தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது.
பழக்க தோஷம்.
அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து
அவர் உயிரையும் என் உயிரையும்
ஒரே பாதத்தில் வைத்திருந்த
பதினெட்டு வருஷம்.

தவேய்ரோ. அமியால். பெரெய்ரா.
ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சற்று முன்னால்
நான் மிதிக்கிறேன்,
ரயில் நிற்கிறது.
என்ன பணிவு!

"நீங்கள் மிதிக்காவிட்டாலும் நிற்கும், டீச்சர்."

திரும்பினால் எவரிஸ்தோ.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, ஐம்பத்திரண்டு வயது,
லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோல்வி.
ரவுண்டானாவுக்குள் நுழையத் தெரியும்,
வெளியேறத் தெரியாது.
ஒருநாள் ஏழு சுற்று சுற்றினார்.
எட்டாவதில் ஸ்டியரிங்கைப் பிடுங்கித் திருப்பியவள் நான்.
இங்கே கால்மேல் கால் போட்டு
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார்.
பாதியை நீட்டினார்.
வண்டிக்குள் தின்னக்கூடாது என்பது என் சட்டம்.
வாங்கிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் ஆயிரம் தடவை கடந்த ஊர்கள்தான்.
ஆனால் சாலைக்கு வீடுகள் முகத்தைக் காட்டும்.
ரயிலுக்கு முதுகைக் காட்டுகின்றன:
கொடியில் காயும் உள்பாவாடை,
முயல் வளர்க்கும் பழைய ஃப்ரிட்ஜ்,
யாருமில்லை என்று நம்பி
முட்டைக்கோசுக்கு மூத்திரம் பெய்யும் ஒரு கனவான்.
பிறகு வீடுகளே இல்லை.
நெல்வயல், அதில் தேங்கிய வானம்,
மின்கம்பத்து உச்சியில்
விறகுக் கட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல் நாரைக்கூடு.

ஒரு கேட்டில்
எங்கள் பள்ளியின் இன்னொரு கார் காத்திருந்தது.
உள்ளே என் சகா அதேரிதோ,
பக்கத்தில் யாரோ ஒரு பெண்.
கையசைத்தேன்.
இருவரும் இம்மியும் திரும்பவில்லை.
கண் சாலையை விட்டு நகரக்கூடாது:
கையேட்டில் அந்த வரியை எழுதியது நான்.

ஃபிகெய்ராவில் கடல் லேசில் கிடைக்காது.
ஆற்றோரம் நடந்து, மணிக்கூண்டு தாண்டி
வந்துவிட்டோம் என்று நினைத்தால்
மணல். அப்புறமும் மணல்.
"காரில் வருகிறவர்கள் நிறுத்துமிடத்திலேயே
கடலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்" என்றார்.
நானும் அந்தக் கூட்டம்தான்.
சொல்லிக்கொள்ளவில்லை.

அட்லாண்டிக் கணுக்காலைக் கடித்தது.
எவரிஸ்தோ கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி
அலையைப் பார்த்தபடி சொன்னார்:
தம்பி செத்தபோது தன் காரை எனக்கு எழுதிவைத்தான்.
ஓட்டாமல் விட்டால் பேட்டரி போய்விடுமாம்.
ஞாயிறுதோறும் தெருவில் நின்றபடியே ஸ்டார்ட் செய்து
பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன்.
அவன் வைத்த ரேடியோ நிலையத்தை மாற்றுவதில்லை.

சோம்பேறி என்று அவர் கோப்பில்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

வறுத்த மத்தி மீன் தின்றோம். அவரவர் காசு அவரவருக்கு.
அப்புறம் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.
ஒரு கடையில் குடை விலை கேட்டேன், வாங்கவில்லை.
ஒரு சுவரில் உட்கார்ந்தேன்.
எங்கே நிறுத்தினோம் என்று
ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவும் இல்லாத மதியம்.

ஏழு மணி ரயில்.
நெல்வயலை இருட்டு மூடிக்கொண்டு வந்தது.
வலது கால் எதையும் தேடவில்லை.
ஷூவுக்குள் மணல் உறுத்தியதால் இருக்கலாம்.

கோயிம்ப்ராவில் இறங்கும்போது கேட்டார்:
"புதன்கிழமை நாலு மணிதானே?"
நாலேகால், கிளட்ச் வந்து சேரவேண்டும் என்றேன்.
"ரவுண்டானாவா?"
ஆமாம். பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வருகிறேன்.