நூற்றிருபதைத் தாண்டி

காற்றுக்குப் பஞ்சமில்லாத நாடு இது.
ரியோ மாயோவுக்குத் தெற்கே
செம்மறிகள்கூடச் சாய்ந்தே நடக்கும்.
இங்கே நான் காற்று விற்கிறேன்,
டயருக்கு இவ்வளவு என்று.

காலையில் முள் நூற்றிருபதைத் தொட்டது.
தொட்டதும் எஞ்சின் அடங்க வேண்டும்.
அடங்கவில்லை.
நூற்று முப்பது. நூற்று நாற்பது.
நூற்றைம்பதில் பாதுகாப்பு வால்வு வீரிட்டதில்
நாய் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
லாரிக்கார அன்செல்மோ
வாயருகே கொண்டுபோன ரொட்டியை இறக்கினார்.

யார் வேலை என்று எனக்குத் தெரியும்.
கொழுந்தன் இரேனியோ.
போன வாரம் இரவல் வாங்கிப் போனவன்,
"கொஞ்சம் ஏற்றி வைத்தால் சீக்கிரம் வேலை முடியும், அண்ணி"
என்றவன்.
தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல்.
ஏறினேன்.
திருகாணியில் தொடங்கி
அவன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த அடுப்பு வரை
ஒன்றும் விடவில்லை.
இரண்டு நிமிடம் பதினோரு நொடி.
அனுப்பியாயிற்று.

இறங்கி வந்து
கம்ப்ரஸரின் அடித் திருகைத் திறந்தேன்.
முதலில் காற்று.
பிறகு துரு கலந்த தண்ணீர், கடுந்தேநீர் நிறத்தில்,
எத்தனை மாதத்துத் தண்ணீரோ.
தினமும் வடிக்க வேண்டியவள் நான்.

பைலட் வால்வில் ஸ்பானரை வைத்தபோதுதான் பார்த்தேன்:
பூட்டு நட்டின் மேல் நான் இழுத்த மஞ்சள் கோடு
மயிரளவும் நகரவில்லை.

கழற்றினேன்.
சின்ன ஸ்பிரிங், சின்னக் குண்டு,
த்ராட்டிலுக்குக் காற்றுப் போகும் துளை.
துளையில் ஒரு துருத் துகள்.
ஊசியால் நெம்பி நகத்தில் வைத்தேன், பார்க்கலாம் என்று.
வெளிக்காற்று கொண்டுபோய்விட்டது.

துடைத்து, பூட்டி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி
கயிற்றை இழுத்தேன்.
எண்பது. நூறு.
நூற்றுப் பத்தில் மூச்சை நான் விடவில்லை.
நூற்றிருபதில்
'டக்'.
கம்பி இழுபட
எஞ்சின் முணுமுணுப்புக்கு இறங்கியது.
டயர் குடிக்கக் குடிக்க முள் சரிந்து,
தொண்ணூற்றைந்தில் மறுபடி உறுமி,
மறுபடி சொன்ன இடத்தில் நின்றது.

அன்செல்மோ காசை எண்ணிக் கொடுத்தார்.
"உங்கள் கொழுந்தன் வீட்டு வழியாகத்தான் போகிறேன்,
ஏதாவது சொல்லணுமா?"

மேட்டில் நான் கத்தியதெல்லாம்
காற்று இந்தப் பக்கம்தான் அடித்திருக்கிறது.

"பொறுங்கள்" என்றேன்.
"முதலில் நாயை வெளியே கூப்பிடணும்."